சடவுன்னா என்னங்க?

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா. அம்மா. அம்மாவின் தோளில் தம்பி, பிறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். நான், நாலாம் வகுப்பு. அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா. அப்பாவின் அக்கா, அத்தை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்ட அம்மாவின் அண்ணன், மாமா. வண்டி திண்டுக்கல் போகிறது என்று தெரிந்ததும் பல் பிடுங்கவென்று ஏறிக்கொண்ட பக்கத்து வீட்டம்மா. இத்தனை பேரையும் பார்த்துத் திகைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்ட ஓர் அக்கா. அறையில் அவருடையதைத் தவிர நாற்காலி ஐந்துதான் இருந்தது.

ஆனால் வரச் சொன்னது அந்த அக்காதான். "அடுத்த வாரம் குடும்பத்தோட வாங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் குடும்பத்தோடு வாங்க என்றால் கல்யாணம் அல்லது காதுகுத்து. இரண்டும் இல்லையென்றால் பஞ்சாயத்து. ஆஸ்பத்திரியில் கல்யாணமும் நடக்காது, காதுகுத்தும் நடக்காது. ஆகவே பெரியப்பா யோசித்து, இது பஞ்சாயத்துதான் என்று முடிவுகட்டி, பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அத்தை ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துவைத்தாள். அதைத்தான் உள்ளே நுழைந்ததும் அந்த அக்காவின் கையில் கொடுத்தாள். அவரும் என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு கூட்டமும் என் வயிற்று வலிக்காகக் கூடியது.

தம்பி பிறந்த கொஞ்ச நாளில் அந்த வலி வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தொப்புளைச் சுற்றி ஒரு திருகல். வீட்டில் இருந்துவிட்டால் சரியாகிவிடும். போய்விட்டால், முதல் பாடம் முடிவதற்குள் பெஞ்சில் சுருண்டுவிடுவேன். டீச்சர் யாரையாவது துணைக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் நடிக்கிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. நடிக்கவில்லை, வலி நிஜம். ஓமத்தண்ணீர் குடித்தேன். குடல் ஏறியிருக்கிறது என்று எண்ணெய் தடவி நீவினார்கள். பக்கத்து ஊரில் ஒருவரிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். அவர் என் வயிற்றில் நெடுநாளாகச் செரிக்காமல் கிடந்தது என்று சொல்லி உள்ளங்கையில் ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டினார். நான் அன்றைக்குக் காலையில் இட்லிதான் தின்றிருந்தேன்.

கடைசியாகத்தான் ஆஸ்பத்திரி. கீழே இருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்த அந்த அக்கா என் வயிற்றைத் தொடவே இல்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், உனக்கு யார் தலை சீவி விடுவார்கள் என்றெல்லாம் கேட்டார். நானே சீவிக்கொள்வேன் என்றேன். எப்போதிருந்து என்றார். தம்பி பிறந்ததிலிருந்து என்றேன். கொஞ்ச நேரம் என் கோணல் வகிட்டையே பார்த்தார். அதன் பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டுக் குடும்பத்தோடு வரச் சொன்னது. அம்மா கட்டாயம் வரணும் என்று அழுத்திச் சொன்னார்.

அம்மாவுக்கு என்ன என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "அவளுக்குச் சடவா இருக்காம்." அம்மாவே சொன்ன சொல்தான் அது. தம்பியோடு வீட்டுக்கு வந்ததிலிருந்து, என்ன கேட்டாலும் "சடவா இருக்கு" என்பாள். அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிறைந்து வழிந்து வாசல் வரைக்கும் ஓடும். பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். தம்பிக்குப் பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், குளிப்பாட்டுவாள், எதிலும் குறை வைக்கமாட்டாள். ஆனால் முகம் மட்டும் வேறு எங்கேயோ இருக்கும். முன்பெல்லாம் அம்மா என்னைத் திட்டினால் தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கும், கடைக்காரர் மறுநாள் என்னிடம் விசாரிப்பார். இப்போது நான் டம்ளரைப் போட்டு உடைத்தாலும் ஒரு சத்தம் கிடையாது. திட்டு வாங்காமல் இருப்பது எவ்வளவு பயமான காரியம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சடவு என்றால் எங்கள் ஊரில் உடம்பு அலுப்பு. ஆகவே எல்லோரும் உடம்புக்குப் பார்த்தார்கள். அத்தை ஆட்டு ஈரலைச் சுட்டு மிளகு தூவிக் கொண்டுவந்தாள். அப்பா அய்யலூர்ச் சந்தைப் பக்கம் லோடு போனபோது ஆட்டுக்கால் வாங்கிவந்து, சூப்பு வைத்துக் குடிக்கச் சொன்னார். வைக்க வேண்டியது அம்மாதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சிவப்பு டானிக் வந்தது, சத்து மாத்திரை வந்தது. சடவு போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் சாயங்காலம் மாமா வந்து இறங்கியதும் பெரியவர்கள் வாசலில் பாய் போட்டுப் பேசினார்கள். நான் உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். சின்ன வயதிலேயே எனக்கு அந்தக் காது உண்டு, இன்றைக்கும் பக்கத்துத் தெருவில் யாராவது பலமாக இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அத்தை சொன்னாள்: "ஒரு ஆறு மாசம் அவ அண்ணன்கூட அங்கிட்டுப் போயி இருக்கட்டும்ப்பா. கைப்பிள்ளைய நான் பாத்துக்கிருவேன். மூத்தவள டவுன்ல சிஸ்டருக நடத்துற ஹாஸ்டல்ல விட்ருவோம். வேற என்ன செய்யச் சொல்ற?"

மாமா தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரில என்ன சொல்றாகன்னு கேட்டுட்டு, அப்படியே பஸ் ஏத்தி விட்ருவோம்" என்று பெரியப்பா முடித்தார்.

அம்மாவிடம் கேட்காமல் இல்லை. அத்தை உள்ளே வந்து கேட்டாள். "எதுனாலும் சரி மதினி, சடவா இருக்கு" என்றாள் அம்மா.

காலையில் அப்பா ஓட்டுகிற குட்டியானையில் ஏறினோம். பூ மார்க்கெட்டுக்கும் காய் மார்க்கெட்டுக்கும் லோடு அடிக்கிற வண்டி. அன்றைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்திருந்தது, முதல் நாள் ஏற்றிய செவ்வந்தி வாசனை இன்னும் இருந்தது. ஓர் ஓரத்தில் அம்மாவின் பச்சை ரெக்சின் பை. ஜிப் போய்விட்டதால் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். தம்பி பிறக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே பை. அதைப் பார்த்ததும், லீவு நாளாக இருந்தும் என் வயிறு திருகியது.

வழியெல்லாம் அத்தை எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். "தாயி, அந்த ஆஸ்பத்திரி டீச்சரம்மா என்ன கேட்டாலும் நல்லா இருக்கோம்னு சொல்லணும். வீட்டு விசயத்த வெளிய சொல்லக் கூடாது. என்ன சொல்லுவ?"

"நல்லா இருக்கோம்."

"சிரிச்சுக்கிட்டுச் சொல்லு."

வண்டி மேட்டில் ஏறிக் குதிக்க, பல் வலிக்காரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஆத்தே" என்றாள். நான் சிரித்துக்கொண்டே நல்லா இருக்கோம் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. என் வயிற்று வலியால் வந்த பஞ்சாயத்து இது. நான் சரியாகப் பதில் சொன்னால் அந்தப் பச்சைப் பை எங்களோடு வீட்டுக்குத் திரும்பும். தப்பாகச் சொன்னால் சாத்தூர் பஸ் ஏறிவிடும்.

அறைக்குள் முதலில் பேசியது பெரியப்பா. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சரிம்மா. பொண்ணு வீட்டுத் தரப்புல அவரு வந்திருக்காரு. எங்க தரப்புல நாங்க இருக்கோம். நீங்க பொதுவான ஆளு. பிராது என்னான்னு சொல்லுங்க, பேசி முடிச்சிருவோம்."

"பிராது எதுவும் இல்லைங்க ஐயா. யாரும் தப்பு பண்ணதா நான் கூப்பிடல."

பெரியப்பா ஏமாந்துபோய்விட்டார். "தப்பே இல்லைன்னா எதுக்கும்மா இம்புட்டுப் பேர வரச் சொன்னீக?"

அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தாம்பாளத்தை மேசை மேல் வைத்து, ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, எல்லோரையும் உட்காரச் சொன்னார். பல் டாக்டர் கீழே இருக்கிறார் என்று பக்கத்து வீட்டம்மாவை மரியாதையாக வெளியே அனுப்பினார். அந்த அம்மா மனசில்லாமல்தான் போனாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் அத்தையின் மடியில். "நீங்களும் உட்காருங்க" என்றார் அக்கா. அம்மா தலையை ஆட்டினாள், உட்காரவில்லை. மறுபடியும் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

எங்களுக்கெல்லாம் காரணம் தெரியும். புருஷனோட அண்ணன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அம்மா சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்ததே கிடையாது. வீட்டில் அவர் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த அக்கா வேலூர்ப் பக்கத்துக்காரர், அவருக்கு எங்கள் வீட்டு வழக்கம் எப்படித் தெரியும்? ஆனால் காலி நாற்காலியையும் அம்மாவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை பெரியப்பாவைத்தான் குத்தியிருக்க வேண்டும். சட்டென்று எழுந்தார்.

"எனக்கு நின்னாத்தான் காத்து வரும்" என்று சொல்லிவிட்டு, கதவோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வராந்தாவைப் பார்த்து நின்றார். அதன் பிறகு அம்மா உட்கார்ந்தாள். கடைசி வரைக்கும் பெரியப்பா பேசியதெல்லாம் வராந்தாவிடம்தான்.

அக்கா முதலில் அப்பாவைக் கேட்டார். வீட்டில் என்ன நடக்கிறது, அவர் பார்த்ததைச் சொல்லட்டும்.

"பெருசா ஒண்ணுமில்ல மேடம். பாப்பாவுக்கு வயித்து வலி. அவளுக்குச் சடவு."

"சடவுன்னா என்னங்க?"

அப்பா விழித்தார். அத்தை விழித்தாள். தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டதுபோல் இருந்தது எங்களுக்கு.

"எனக்கு இந்த ஊர்ப் பேச்சு முழுசாப் பழகல. நிஜமாத்தான் கேக்குறேன். சடவுன்னா என்ன?"

அப்பா யோசித்தார். "இப்ப, நான் விடியக்காலம் பூ ஏத்திட்டுப் போறேன். அங்கிட்டிருந்து ஒட்டன்சத்திரம், காய் லோடு. இறக்கிட்டு வீட்டுக்கு வந்தா கையைத் தூக்க முடியாது பாருங்க. அதான் சடவு."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

"தூங்கினா சரியாயிடுமா?"

"காலைல கலகலன்னு எந்திரிச்சிருவேன்."

"இவங்க தூங்குறாங்களா?"

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியலையே மேடம்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அத்தைக்கு இந்தச் சங்கடம் பொறுக்கவில்லை. "டீச்சரம்மா, சடவுன்னா வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னு அர்த்தம். நாங்கள்லாம் பிள்ளையப் பெத்துட்டு எந்திரிச்சுக் களையெடுக்கப் போனவக. சடவுன்னு சொன்னா எங்க மாமியா சோறு போட்டிருக்கவே மாட்டா."

"ஏ, பாத்துப் பேசு" என்றது கதவோரம் இருந்த முதுகு. "சடவுன்னா காய்ச்சல் வர்றதுக்கு முன்னால வரும்மா. கைகால் முறிச்சுவிடச் சொல்லும்."

மாமா மட்டும் பேசவில்லை. ஊரிலிருந்து வந்ததிலிருந்தே அவர் அப்படித்தான். பெண் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்கத் தயங்குவார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"எங்க ஊர்ல வேற மாதிரிங்க" என்றார் மாமா, கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு. "சடவுன்னா மனசுல ஒரு தாங்கல். இப்ப, எனக்கும் என் பங்காளிக்கும் சடவுன்னா, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு அர்த்தம். சின்ன வயசுல இவ சாப்பிடாமப் படுத்துக்கிட்டு, சடவா இருக்குன்னு சொன்னா, எங்கம்மா முதல்ல என்னயத்தான் அடிக்க வரும். என்னலே சொன்ன தங்கச்சியன்னு."

அம்மா தலை நிமிர்ந்து தன் அண்ணனைப் பார்த்தாள். எத்தனையோ மாதமாகத் தெரியாத ஊரில் நின்றவளை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏ புள்ள, எம்மேலயா சடவு?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப எம்மேலயா?" என்றாள் அத்தை. அவளுக்கு ஈரல் சுட்டுக் கொடுத்ததெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். "நான் என்னத்தா சொன்னேன் உன்ன?"

"யாரு மேலயும் இல்ல மதினி." அம்மாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "எம்மேலதான் சடவு. நானும் எனக்குள்ள இருக்கிறவளும் பேசிக்கிறதே இல்ல. இவன் அழுதா, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவுற மாதிரி கேக்குது. நம்ம பிள்ளைதானே, போயித் தூக்குன்னு சொல்லிச் சொல்லித்தான் தூக்குறேன். ஒரு தாய்க்கு இப்படி இருக்குமா? இதைப் போயி யார்கிட்ட சொல்ல? அதான் சடவு சடவுன்னேன்."

தம்பி பிறந்ததிலிருந்து அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நிறையத் தாய்மாருக்கு இப்படி இருக்கும்" என்றார் அக்கா. சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "பிள்ளை பெத்த பிறகு வர்றது. உங்களுக்குப் பாசம் இல்லைன்னு அர்த்தம் இல்ல. சரியாகும், நான் பாத்திருக்கேன். கீழ டாக்டர் மாத்திரை குடுப்பாங்க. மிச்சத்த நாம இங்க உட்கார்ந்து பேசிப் பேசிச் சரி பண்ணுவோம்."

பிறகு என்னிடம் வந்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கோம்" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, சிரித்துக்கொண்டு.

அத்தை என் தொடையில் கிள்ளினாள். அவசரப்பட்டுவிட்டேன் போல.

"சந்தோஷம்" என்றார் அக்கா. "வயித்து வலி எப்ப வரும்? பள்ளிக்கூடத்துலயா, வீட்டுலயா?"

இதற்கு அத்தை பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல. வீட்டுல அம்மாவப் பாத்துக்கிட்டு இருந்தா வலிக்காது."

"பாத்துக்கிட்டுன்னா?"

"அம்மா சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா நான் பக்கத்துல இருப்பேன். அம்மா தோட்டத்துக் கிணத்துப் பக்கம் போனா நானும் கூடப் போவேன். அம்மா கிணத்துக்குள்ள பாத்துக்கிட்டு நிக்கும். நான் சேலையப் பிடிச்சுக்கிருவேன். கூப்பிட்டா வந்துரும்."

நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. என்னைச் சுற்றியிருந்த அத்தையின் கை விறைத்துப்போனது. வராந்தாவைப் பார்த்திருந்த பெரியப்பா முதல் தடவையாகத் திரும்பினார், பிறகு மறுபடியும் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்பா எழுந்தார், உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். என் தலைக்குப் பின்னால் எங்கேயோ இல்லை, என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மடியிலிருந்த தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டி என் கோணல் வகிட்டைத் தடவினாள்.

போச்சு, பை சாத்தூர் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அனுப்பிவைப்பது பற்றி அத்தைகூடப் பேசவில்லை. மாமாதான் மெதுவாக, "நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார். அக்கா அம்மாவைக் கேட்டார். எதுனாலும் சரி என்று அம்மா சொல்லவில்லை. "எம்பிள்ளைக இங்க இருக்குக" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். அப்பா வண்டியை விட்டு இறங்கியதும் தம்பி அவர் கைக்கு வந்துவிட வேண்டும், அம்மா தூங்க வேண்டும். "ஆம்பளப் பிள்ளைதானே, எனக்கென்ன பயம்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் தம்பி அவர் சட்டையை நனைத்துவிட்டான். மாமா அடிக்கடி போன் பண்ண வேண்டும், பண்ணினால் எப்படி இருக்க என்று கேட்கக் கூடாது, ஊர்க்கதை சொல்ல வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது பெரியப்பா. அவர் வராந்தாவிடம் "அதுக்கென்ன" என்றார்.

"கிணத்துப் பக்கம் இவங்க தனியாப் போகக் கூடாது. யார் கூடப் போவீங்க?"

"நான்" என்று கையைத் தூக்கினேன்.

"நான் போறேன்" என்றாள் அத்தை. அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கு என்ன வேலை? நான் போறேன் டீச்சரம்மா. இனி சடவான்னு கேக்கக்கூட மாட்டேன். சும்மா கூடப் போறேன்."

"அது என் வேலை" என்றேன்.

அக்கா என் பக்கம் குனிந்தார். "இத்தன நாள் நீ ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்ட. இனிமே அத்தை பாத்துக்குவாங்க."

"அப்ப எனக்கு?"

"உனக்கு வேலை எதுவும் இல்ல. நீ பள்ளிக்கூடம் போ, விளையாடு."

நான் ஓவென்று அழுதேன். தாயைப் பற்றிப் பிள்ளைக்கு எவ்வளவு கவலை பாருங்கள் என்று எல்லோரும் உருகிப்போனார்கள். நான் அழுததற்குக் காரணம் வேறு. ஒரு வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்து ஒருத்திக்கு மட்டும் இல்லையென்றால், அவள்தான் ஹாஸ்டலுக்குப் போகிறவள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகவே கணக்குப் போட்டேன். திரும்பி வரும்போது பச்சைப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன், அதற்குள் என் துணியைத் திணித்துவிடுவார்களோ என்று. மாமா பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தனியாகப் போனார். பக்கத்து வீட்டம்மாவுக்கு மேலே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசை இருந்திருக்கும். பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சு வைத்து வாயைத் திறக்கக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். ஊர் வந்து சேரும் வரைக்கும் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகும் அந்த மாடிக்குப் பல தடவை போனோம். தாம்பாளம் நின்றது, வெள்ளை வேட்டி நின்றது. பெரியப்பா மட்டும் வராமல் இருந்ததில்லை, உட்கார்ந்ததும் இல்லை. அம்மாவுக்கு ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மேடும் பள்ளமுமாக அது பாட்டுக்குப் போயிற்று. ஆனால் ஒரு நாள் நான் புதுப் பாவாடையில் மை கொட்டிவிட்டு வந்தபோது அம்மா திட்டிய திட்டு தெருமுனைக் கடைக்குக் கேட்டது. கடைக்காரர் மறுநாள் விசாரித்தார். நான் அவ்வளவு பெருமையாக யாருக்கும் பதில் சொன்னதில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள், பெரிய பெரிய பெயரெல்லாம் தெரியாது. ஒருத்தருக்கு நோய் என்றால் வீட்டையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கிற வைத்தியம் அது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது எனக்கே ஒரு மகள். பிரசவத்துக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, நான் சடவு என்று சொன்னால் எந்த ஊர்ச் சடவு என்று கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டேன். அவர் இன்றைக்கும் கேட்கிறார், சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட. கேட்கட்டும். பயந்தவளுக்கு இந்த மாதிரி முன்னேற்பாடுகள் நன்றாக வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் எழுந்ததும் வழக்கம்போலத் தோட்டத்துக்கு ஓடினேன். கிணற்றடியில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், என் இடத்தில், அத்தை நின்றுகொண்டிருந்தாள். கையில் துவைக்க ஒன்றும் இல்லாததால் தன் தோளில் கிடந்த துண்டையே நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள், நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்து அம்மாவின் சேலையைப் பிடித்தேன். அத்தை என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"ஏத்தா, இது என் வேலை. நீ கிளம்பு. வாசல்ல பெரியப்பா பைக்க உறுமவிட்டுக்கிட்டு இருக்காரு."

என் வேலையைப் பிடுங்கிக்கொண்ட அத்தை. அவளோடு இனிமேல் பேசுவதில்லை, அவள் கொடுத்தால் வாழைப்பழம்கூட வாங்குவதில்லை என்று பெரியப்பாவின் வண்டியில் போகும்போதே முடிவு செய்தேன். பிரேயரில் நின்றுகொண்டு அதையே நினைத்தேன். முதல் பாடத்தில் அதையே நினைத்தேன். அதற்குச் சரியான சொல்கூட எனக்குக் கிடைத்திருந்தது, மாமா ஊர்ச் சொல்: அத்தை மேல் எனக்குச் சடவு. அந்தச் சடவோடு மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடி வரிசையில் நின்றேன். அன்றைக்கு வயிறு வலிக்கவே இல்லை என்பது எனக்குத் தோன்றக்கூட இல்லை.